நட்சத்திரச் சங்கிலி மேலே வருகிறதா? பாலிமர் கலவைப் படலத்தின் மேற்பரப்பை அளக்க ஒரு முழு வழிகாட்டி

பாலிஸ்டைரினை நேர்ச்சங்கிலியாகவும் செய்யலாம். ஒரே புள்ளியிலிருந்து ஆறு கரங்கள் விரியும் நட்சத்திரமாகவும் செய்யலாம். இரண்டையும் கலந்து, சிலிக்கான் வேஃபர் மேல் 100 நானோமீட்டர் படலமாகப் பரப்பிச் சூடாக்கினால், காற்றைத் தொடும் பரப்பில் எது கூடுதலாகச் சேரும்? இரண்டும் ஒரே வேதிப்பொருள் என்பதால், தெரியும் வித்தியாசம் வடிவத்தால் வந்தது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும்.

அங்கேதான் புதிதாக வருபவர்கள் வழுக்குகிறார்கள். வடிவம் செய்யும் வேலையை, அடையாளத்துக்காகச் சேர்க்கும் டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) செய்யும், மூலக்கூறு எடை வித்தியாசமும் செய்யும், ஊசிக்குழாயில் ஒட்டியிருக்கும் சிலிக்கோன் எண்ணெயும் செய்யும். எல்லாம் முடிந்து தரவைப் பார்க்கும்போது இவற்றைப் பிரிக்க முடியாது. மாதிரி செய்யத் தொடங்கும் முன்பே பிரித்து வைக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. முதலில் முனைகளையும் இணைப்புகளையும் எண்ணுங்கள்

உருகிய நிலையில் சங்கிலி தாறுமாறாக நெளிந்து கிடக்கும். படலத்தின் மேல் எல்லையைத் தொடும் சங்கிலி அதைத் தாண்டிப் போக முடியாது, திரும்பித்தான் ஆக வேண்டும். அப்படித் திரும்பும்போது அது எடுக்கக்கூடிய உருவங்களின் எண்ணிக்கை குறைகிறது. சங்கிலியின் நடுப்பகுதி என்றால் இரண்டு பக்கமும் கட்டுப்படும். முனை என்றால் ஒரு பக்கம்தான். அதனால் முனைகள் மேற்பரப்பை நாடுகின்றன. இணைப்புப் புள்ளியில் எல்லாக் கரங்களும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் அத்தனையும் கட்டுப்படும். எனவே அது உள்ளே தள்ளப்படுகிறது.

நேர்ச்சங்கிலிக்கு 2 முனை. ஆறு கர நட்சத்திரத்துக்கு 6 முனை, 1 இணைப்பு. முனைகள் இழுக்க, இணைப்பு எதிர்க்க, மிஞ்சுவதுதான் நீங்கள் அளக்கப்போவது. வூ, ஃபிரெட்ரிக்சன் இருவரும் 1996ல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள். 2014ல் வெளிவந்த நியூட்ரான் அளவீடுகள், முனைகளின் பங்கே முதன்மையானது, இணைப்புப் புள்ளியின் பங்கு இரண்டாம் நிலை என்று காட்டின.

உங்கள் இரண்டு பாலிமருக்கும் "ஒரு சங்கிலிக்கு எத்தனை முனை, எத்தனை இணைப்பு, மொத்த எடை எவ்வளவு" என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். விளைவு கிட்டத்தட்ட முனைகளின் அடர்த்தியைப் பொறுத்தது. எனவே பத்து லட்சம் எடையுள்ள நட்சத்திரத்தை எடுத்தால் முனைகள் நீர்த்துப்போய் ஒன்றும் தெரியாது.

2. எடையைப் பொருத்துங்கள், ஆரத்தைக் கணக்கிடுங்கள்

நான் பரிந்துரைப்பது: 17,000 எடையுள்ள ஆறு கரங்கள், மொத்தம் 1,02,000. அதற்கு ஈடாக ஏறக்குறைய 1,00,000 எடையுள்ள நேர்ச்சங்கிலி. மொத்த எடை சமமாக இருந்தால்தான் வேறுபாடு வடிவத்தில் மட்டும் இருக்கும். எடை குறைந்த பாலிமருக்கு இயல்பாகவே முனைகள் அதிகம். சமமில்லாத ஜோடியை எடுத்துக்கொண்டு வடிவத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

அப்புறம் சங்கிலியின் சுழல் ஆரம், அதாவது நெளிந்து கிடக்கும் சங்கிலி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதன் அளவு. நேர் பாலிஸ்டைரினுக்கு, எடையின் வர்க்கமூலத்தை 0.0275ஆல் பெருக்கினால் நானோமீட்டரில் கிடைக்கும். ஒரு லட்சத்துக்கு அது 8.7. நட்சத்திரத்துக்கு ஸிம், ஸ்டாக்மேயர் இருவரும் 1949ல் தந்த சுருக்கக் காரணியைப் பயன்படுத்துங்கள்: கரங்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி இரண்டைக் கழித்து, கரங்களின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஆறு கரத்துக்கு 16/36, அதாவது 0.44. இது ஆரத்தின் வர்க்கத்துக்கான காரணி. எனவே ஆரம் மூன்றில் இரண்டு பங்காகி 5.8 நானோமீட்டருக்கு இறங்கும்.

இந்த எண்கள் பின்னால் இரண்டு இடத்தில் தேவைப்படும். படலத்தின் தடிமன் பெரிய ஆரத்தைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் "கலவையின் உட்பகுதி" என்று சொல்ல எதுவும் இருக்காது. மேற்பரப்புச் செறிவு உள்நோக்கித் தேயும் தூரமும் இந்த ஆரத்தின் அளவில்தான் இருக்கும்.

3. நட்சத்திரம் உண்மையில் நட்சத்திரம்தானா என்று பாருங்கள்

நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் படியில்தான் நடந்தவை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நட்சத்திரத்தைப் பெரும்பாலும் எதிரயனிப் பாலிமராக்கத்தில் செய்வார்கள். செகண்டரி பியூட்டைல் லித்தியத்தில் தொடங்கி, உயிருள்ள (முனை இன்னும் வினைபுரியக்கூடிய) கரங்களை வளர்த்து, ஆறு குளோரின் உள்ள குளோரோசிலேனில் கட்டுவார்கள். எல்லா இடமும் நிரம்ப வேண்டும் என்பதால் கரங்களை மிகையாகச் சேர்ப்பார்கள். கட்டப்படாத கரங்கள் கரைசலிலேயே தங்கும். அவை 17,000 எடையுள்ள சிறிய நேர்ச்சங்கிலிகள், முனை அடர்த்தி மிக அதிகம். சில சதவீதம் மிஞ்சினாலும் மேற்பரப்புக்கு முந்திக்கொண்டு ஓடும். நட்சத்திரம் மேலே வந்துவிட்டது என்று நீங்கள் எழுதுவீர்கள். வந்தது உதிரிக் கரமாக இருக்கும்.

தீர்வு: டொலுயீனில் கரைத்து மெத்தனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பகுதி வீழ்படிவாக்கல். ஒரு தடவை போதாது. மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜிபிசி வரைபடத்தில் கரத்தின் முகடு முற்றிலும் மறையும்வரை திரும்பச் செய்யுங்கள்.

ஜிபிசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நேர் பாலிஸ்டைரினால் அளவு குறித்த ஜிபிசி, நட்சத்திரத்தின் எடையைக் குறைத்துத்தான் காட்டும். நட்சத்திரம் கச்சிதமாக இருப்பதால் தாமதமாக வெளிவருகிறது. எடையை ஒளிச்சிதறல் உணரியோடு அளக்க வேண்டும். அந்த எடையைக் கரத்தின் எடையால் வகுத்தால் கரங்களின் எண்ணிக்கை வரும். 5.3 என்று வந்தால் உங்களிடம் இருப்பது நான்கு, ஐந்து, ஆறு கர நட்சத்திரங்களின் கலவை. பாலிஸ்டைரினின் உயிருள்ள முனை பருமனானது என்பதால் நெருக்கமான மையத்தில் எல்லாக் கரமும் ஒட்டாமல் போவது சகஜம். கட்டுவதற்கு முன் ஓரிரு பியூட்டாடையீன் அலகுகளைச் சேர்த்தால் நெருக்கடி குறையும்.

இன்னொன்று, முனையின் வேதியியல். நட்சத்திரத்தின் ஆறு முனையிலும் செகண்டரி பியூட்டைல் இருக்கும். நடுவில் சிலிக்கான் இருக்கும். கடையில் வாங்கிய நேர்ச்சங்கிலியின் முனைகள் வேறு மாதிரி இருக்கலாம். அப்போது நீங்கள் அளப்பது வடிவத்தையா, முனைக்கூட்டத்தையா? இதற்கு அழகான ஒரு வழி உண்டு. 50,000 எடையுள்ள இரண்டு கரங்களை டைகுளோரோ டைமெத்தில் சிலேனில் கட்டுங்கள். கிடைப்பது நேர்ச்சங்கிலி, ஆனால் "இரண்டு கர நட்சத்திரம்": அதே முனைகள், நடுவில் அதே மாதிரி சிலிக்கான். இதைவிடச் சரியான ஒப்பீட்டுச் சங்கிலி கிடையாது.

4. டியூட்டீரியத்தை எதில் போடுவது என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு பாலிமரும் ஒரே வேதிப்பொருளாக இருப்பதால் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்தால் நியூட்ரானுக்குத் தெரியும். சாதாரண பாலிஸ்டைரினின் சிதறல் நீள அடர்த்தி (நியூட்ரானை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்பதன் அளவு) ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 1.4, டியூட்டீரிய பாலிஸ்டைரினுக்கு 6.4 (இரண்டும் பத்தின் அடுக்கு கழித்தல் ஆறில்). மிகப் பெரிய வித்தியாசம்.

ஆனால் அடையாளம் வைப்பதே அமைப்பைக் கலைக்கிறது. டியூட்டீரிய பாலிஸ்டைரினின் மேற்பரப்பு ஆற்றல் சற்றுக் குறைவு. வடிவம் ஒன்றாகவே இருந்தாலும் அது மேற்பரப்பில் சேரும் என்று 1989ல் பத்து லட்சம் அளவு எடையுள்ள சங்கிலிகளில் காட்டப்பட்டது. ஒரு லட்சம் எடையில் அந்தச் சேர்க்கை குறைவு. இருந்தாலும் வடிவ விளைவும் சிறியது என்பதால் அலட்சியப்படுத்த முடியாது.

ஒரே ஒரு கலவைதான் செய்ய முடியும் என்றால், டியூட்டீரியத்தை நேர்ச்சங்கிலியில் வையுங்கள். ஐசோடோப்பு விளைவு, அதாவது டியூட்டீரியத்தால் வரும் இந்தச் சேர்க்கை, நேர்ச்சங்கிலியை மேலே இழுக்கும். அதையும் மீறி நட்சத்திரம் மேலே வந்தால், அதை யாரும் மறுக்க முடியாது. வடிவத்தின் உண்மையான பங்கு நீங்கள் அளந்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். டியூட்டீரிய நட்சத்திரத்தைவிட டியூட்டீரிய நேர்ச்சங்கிலி எளிதாகக் கிடைக்கும் என்பதும் வசதி.

பணமும் நேரமும் இருந்தால் இரண்டையும் செய்யுங்கள். அடையாளத்தை இடம் மாற்றி அளப்பதுதான் இந்த ஆய்வின் முதுகெலும்பு. ஏன் என்று கடைசிப் படியில் தெரியும்.

5. மாதிரிப் பட்டியலை எழுதி முடித்துவிட்டுத்தான் கரைசல் தயாரிக்க வேண்டும்

அ) சாதாரண பாலிஸ்டைரின் மட்டும். ஆ) டியூட்டீரிய பாலிஸ்டைரின் மட்டும். இ) சாதாரண நேர் + டியூட்டீரிய நேர். ஈ) சாதாரண நட்சத்திரம் + டியூட்டீரிய நேர். உ) டியூட்டீரிய நட்சத்திரம் + சாதாரண நேர். கூடவே, ஈ மாதிரியில் சூடாக்காத ஒன்றும், இரண்டு மடங்கு நேரம் சூடாக்கிய ஒன்றும், தடிமன் 200 நானோமீட்டர் உள்ள ஒன்றும்.

நட்சத்திரத்தின் அளவு எல்லாவற்றிலும் ஒன்றாக, 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இது எடை சதவீதமா, கன அளவு சதவீதமா என்று குறித்து வையுங்கள். டியூட்டீரிய அலகின் எடை 112, சாதாரண அலகுக்கு 104. இரண்டையும் குழப்பினால் பின்னால் நிறைச் சமன்பாடு ஒத்துப்போகாது.

இ மாதிரியை "அதில் புதிதாக என்ன தெரியப்போகிறது" என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். அது இல்லாமல் ஈ மாதிரியின் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

6. சிலிக்கோனை ஆய்வகத்திலிருந்து வெளியேற்றுங்கள்

பாலிஸ்டைரினின் மேற்பரப்பு இழுவிசை அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 40 மில்லிநியூட்டன்/மீட்டர். சிலிக்கோன் எண்ணெய்க்கு 20தான். துளி கலந்தாலும் முழு மேற்பரப்பையும் அது பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஊசிக்குழாயின் ரப்பர் அடைப்பில் சிலிக்கோன் இருக்கும். கண்ணாடி ஊசிக்குழாய் பயன்படுத்துங்கள். மூடிகளில் கிரீஸ் தடவாதீர்கள். 0.2 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிகட்டியில் முதல் சில துளிகளை விட்டுவிட்டு மீதியை எடுங்கள்.

ஒரு மாணவரின் ஆறு மாதப் படலங்கள் எல்லாவற்றின் நிறை நிறமாலையிலும் நிறை எண் 73, 147 முகடுகள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவை சிலிக்கோனின் கையெழுத்து. முதல் வாரத்திலேயே ஒரு படலத்தைச் சோதித்திருந்தால் அத்தனையும் தப்பியிருக்கும்.

7. படலம் போடுதல்

நியூட்ரான் அளவீட்டுக்கு 5 மில்லிமீட்டராவது தடிமனுள்ள சிலிக்கான் வட்டுகள் வேண்டும். மெல்லிய வேஃபர் லேசாக வளைந்திருக்கும். படலத்தில் பட்டுத் திரும்பும் நியூட்ரான்களை அளப்பதுதான் நியூட்ரான் எதிரொளிப்பு; வளைவு அந்த எதிரொளிப்பின் அலைகளை மங்கலாக்கும். அந்த மங்கலைக் கரடுமுரடு என்று தவறாகப் படிப்பீர்கள்.

வட்டைப் புற ஊதா-ஓசோனில் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போதும். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலைப் பயன்படுத்துவதானால் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கரைப்பான் எதுவும் அருகில் இருக்கக் கூடாது, வெடிக்கும். எல்லா வட்டுகளையும் ஒரே முறையில் சுத்தம் செய்யுங்கள். அடியில் உள்ள ஆக்சைடு அடுக்கு மாறினால் அடிப்பக்கச் சேர்க்கையும் மாறும்.

டொலுயீனில் 2 முதல் 2.5 சதவீதக் கரைசல், நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 100 நானோமீட்டருக்கு அருகில் வரும். உங்கள் ஸ்பின் கோட்டரில் இரண்டு மூன்று முறை ஓட்டி, எலிப்சோமீட்டரில் (ஒளியால் படலத் தடிமனை அளக்கும் கருவி) அளந்து சரிசெய்துகொள்ளுங்கள். கரைசலை ஓர் இரவு கரைய விட்டு மறுநாள் பரப்புவது நல்லது.

8. சூடாக்கும் நேரத்தை மெதுவான சங்கிலியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

சுழலும் தட்டில் கரைப்பான் நொடிகளில் ஆவியாகிறது. அப்போது உறைந்த அமைப்பு சமநிலை அல்ல. பாலிஸ்டைரினின் கண்ணாடி நிலைமாற்றம் சுமார் 100 டிகிரி செல்சியஸ்; அதற்குக் கீழே எதுவும் நகராது.

முதலில் வெற்றிடத்தில் 70 டிகிரியில் சில மணி நேரம் வைத்துக் கரைப்பானை வெளியேற்றுங்கள். நேராக உயர் வெப்பத்துக்குப் போனால் படலத்தில் குமிழி வரும். பிறகு 160 முதல் 170 டிகிரி. காற்றில் சூடாக்காதீர்கள், ஆக்சிஜனேற்றம் நடப்பதே மேற்பரப்பில்தான், நீங்கள் அளக்கப்போவதும் அதைத்தான்.

எவ்வளவு நேரம்? ஒரு லட்சம் எடையுள்ள நேர்ச்சங்கிலி, 170 டிகிரியை ஒட்டி, 100 நானோமீட்டரைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். நட்சத்திரத்தின் கதை வேறு. நேர்ச்சங்கிலி பாம்புபோல நீளவாக்கில் ஊர்ந்து போகும். நட்சத்திரத்தை மையம் கட்டிப்போட்டிருக்கிறது. ஒவ்வொரு கரமும் தன்னை மையம்வரை உள்ளிழுத்து வேறு வழியில் நீட்டினால்தான் மையம் ஓர் எட்டு வைக்கும். கரம் நீள நீள இந்த நேரம் அடுக்குக்குறி முறையில் ஏறும். பாலிஸ்டைரினில், சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் சிக்கல்களுக்கு இடையேயான எடை 17,000 – 18,000. நாம் தேர்ந்தெடுத்த கரம் அதே அளவு என்பதால் பயமில்லை; 12 மணி நேரம் தாராளம். கரத்தின் எடையே ஒரு லட்சம் என்றால், நேர்ச்சங்கிலிக்கான கணக்கு உங்களை முழுவதும் ஏமாற்றிவிடும்.

கணக்கை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு மடங்கு நேரம் சூடாக்கிய மாதிரியும் அதே எண்ணைத் தந்தால் சரி, சமநிலை வந்துவிட்டது. எடுத்தவுடன் குளிர்ந்த உலோகத் தட்டின் மேல் வைத்துச் சட்டென்று உறையவிடுங்கள். பிறகு நுண்ணோக்கியில் பாருங்கள். துளைகள் திறந்திருந்தால் படலம் பரப்பை விட்டு விலகத் தொடங்கிவிட்டது. அந்த மாதிரியை அளப்பதில் பயனில்லை.

9. கேள்விக்கு ஏற்ற கருவி

நீர்த்துளித் தொடுகோணம், எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிரால் மேற்பரப்பில் உள்ள தனிமங்களை அறியும் முறை) இரண்டும் எளிதாகக் கிடைக்கும் என்பதால் அவற்றிலிருந்து தொடங்கத் தோன்றும். இந்தக் கேள்விக்கு இரண்டும் பயன்படாது. எக்ஸ்பிஎஸ்ஸுக்கு ஹைட்ரஜனே தெரியாது, டியூட்டீரியமும் தெரியாது. மாசு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலுள்ள ஓரிரு நானோமீட்டரை மட்டும் பார்க்க நிலை சிம்ஸ் (அயனிக்கற்றையால் மேற்பரப்பைத் தாக்கி, வெளிவரும் அயனிகளின் நிறையை அளக்கும் முறை) பொருத்தமானது. வளைய அயனியின் முகடு சாதாரணப் பாலிமருக்கு 91லும் டியூட்டீரியப் பாலிமருக்கு 98லும் வரும். விகிதத்தை எடுத்தால் மேற்பரப்பு விகிதம் கிடைக்கும். அளவு குறிக்க அ, ஆ மாதிரிகள்.

ஆழவாக்கில் எப்படித் தேய்கிறது என்று பார்க்க நியூட்ரான் எதிரொளிப்பு. பிரிட்டனின் ஐசிஸ், பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐஎல்எல், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் போன்ற நியூட்ரான் மையங்களில் நேரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் டிராம்பேயின் துருவா உலையிலும் எதிரொளிப்பு அளவி இருக்கிறது. கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் சிம்ஸில் தேறிய மாதிரிகளை மட்டும் எடுத்துப் போங்கள்.

எடை குறைந்த சங்கிலிகளுக்கு அக்ரன் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த மேற்பரப்பு அடுக்கு மால்டி (லேசரால் மூலக்கூறுகளை அயனியாக்கி நிறையை அளக்கும்) முறை இருக்கிறது. கரைப்பான் இல்லாமல் மேலே துணைப்பொருளைப் பரப்புவதால் மேலடுக்கு மூலக்கூறுகள் மட்டும் அயனியாகும். நிறை வித்தியாசமே அடையாளம், டியூட்டீரியமே தேவையில்லை.

10. தரவைப் பொருத்தும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

எதிரொளிப்பில் அலையின் வீச்சு மட்டும் பதிவாகிறது, அதன் கட்டத் (phase) தகவல் தொலைந்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று மாறான பல வரைவுகள் ஒரே வளைவுக்குப் பொருந்தும். இதைத் தடுக்க மூன்று கட்டுப்பாடுகள்.

தடிமனையும் கரடுமுரடையும் எக்ஸ்-கதிர் எதிரொளிப்பில் முன்பே அளந்து நிலையாக வையுங்கள். எக்ஸ்-கதிருக்கு டியூட்டீரியம் தெரியாது என்பது இங்கே வரம். இரண்டாவது, மொத்த நட்சத்திரம் நீங்கள் கலந்த அளவுக்கு மேல் போகக் கூடாது. 100 நானோமீட்டர் படலத்தில் 20 சதவீதம் என்றால் 20 நானோமீட்டர் அளவு நட்சத்திரம்தான் இருக்கிறது. மேற்பரப்பில் 2 நானோமீட்டர் மிகை சேர்ந்தால் உட்பகுதி 18 சதவீதத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். மூன்றாவது, அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள். ஆக்சைடின் அருகிலும் ஏதோ ஒன்று சேரும், அதற்கு ஒரு தனி அளவுரு கொடுங்கள்.

முதலில் "எந்தச் சேர்க்கையும் இல்லை" என்ற தட்டையான மாதிரியைப் பொருத்துங்கள். அது தோற்ற பிறகுதான், மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்குக்குறியாகத் தேயும் வரைவுக்குப் போக வேண்டும். தேயும் தூரம் சுழல் ஆரத்தின் அளவில் வராமல் 40 நானோமீட்டர் என்று வந்தால், அது வடிவ விளைவு இல்லை. படலம் சமநிலைக்கு வரவில்லை, அல்லது பொருத்தம் வழிதவறிவிட்டது.

மேற்பரப்பின் உச்சச் செறிவைவிட, வரைவின் கீழுள்ள மொத்தப் பரப்பை, அதாவது மேற்பரப்பு மிகையை, முதன்மையாக எழுதுங்கள். எந்த வரைவை எடுத்தாலும் அது அதிகம் மாறுவதில்லை.

11. வடிவத்தின் பங்கைப் பிரித்தெடுங்கள்

ஈ மாதிரியில் நட்சத்திரத்தின் மிகை = வடிவம் கழித்தல் ஐசோடோப்பு. உ மாதிரியில் மிகை = வடிவம் கூட்டல் ஐசோடோப்பு. இரண்டின் சராசரி வடிவத்தின் பங்கு. வித்தியாசத்தின் பாதி ஐசோடோப்பின் பங்கு. கணக்கு புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனை எண்: ஈயில் 0.9 நானோமீட்டர், உவில் 1.7 என்றால், வடிவம் 1.3, ஐசோடோப்பு 0.4.

இப்போது இ மாதிரியை எடுங்கள். அங்கே டியூட்டீரியத்தின் மிகை 0.4க்கு அருகில் இருந்தால் உங்கள் பிரிப்பு நேர்மையானது. 0.4க்குப் பதில் 1 வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்: ஏதோ ஒரு தொகுதியில் உதிரிக் கரம் இருக்கிறது, அல்லது எடைகள் பொருந்தவில்லை. விளைவுகள் சிறியதாக இருக்கும்வரைதான் இப்படிக் கூட்டிக் கழிக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக 200 நானோமீட்டர் படலம். மேற்பரப்பு மிகை அதிலும் மாறாமல் இருக்க வேண்டும்; உட்பகுதிச் செறிவு மட்டும் கலந்த அளவை நோக்கிச் சற்று ஏறும். மிகையே தடிமனோடு சேர்ந்து ஏறினால், 100 நானோமீட்டர் படலத்தில் மேலேறுவதற்கு நட்சத்திரம் போதாமல் போயிருக்கிறது. அப்போது தடித்த படலத்தின் எண்ணை எடுத்துக்கொண்டு, அதைவிடத் தடித்த இன்னொன்றையும் செய்து பாருங்கள்.